மருமகள் மேடையேறிய தாய்மொழி நாள்

எதையும் எண்ணிப் பார்க்கும் குணம் எனக்கு. பாலாவிச் சந்தியில் நிற்கும் உப்பு லொறிகளை எண்ணுவேன். சாப்பாட்டு மேசையில் மருமகள் வாயில் வரும் சிங்களச் சொற்களையும் எண்ணுவேன். அவள் சிலாபம் பக்கத்துச் சிங்களக் குடும்பத்துப் பெண். என் மகனைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். பேத்தி கதைக்கத் தொடங்கியதில் இருந்து, பிள்ளையோடு தமிழ்தான் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். மருமகள் வாய் தவறி ஒரு சிங்களச் சொல்லை விட்டால், கையைத் தூக்கி ஒரு விரலை மடக்குவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அதைப் பகிடி என்றே நினைத்திருந்தேன்.

போன மாசம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில் தாய்மொழி நாள் கொண்டாடினார்கள். தொடங்கப் பிந்தியது. கதிரைகளும் எட்டுக் குறைவு. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். நடுவில் டீச்சர் ஒருவர், வேறு மொழி பேசும் தாய்மார் மேடைக்கு வந்து தங்கள் மொழியில் பிள்ளையோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் என்று கேட்டார். மருமகள் என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். அதுவே என் பெரிய மனசு என்று எனக்குள் ஒரு நினைப்பு.

சின்ன வயசில் தன் தாய் கடற்கரையில் நின்று தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று அவள் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். வேகமும் சிரிப்புமாக, வீட்டில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல். முன்வரிசையில் இருந்த பேத்தி கையைத் தூக்கி விரல்களை மடக்கினாள். ஒரு கை முடிந்து மறு கையும் போதாமல் போனது. பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து மடக்கிச் சிரித்தார்கள். மருமகள் பாதியில் நிறுத்தி, தமிழில் நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள். பிள்ளை அதை எங்கே பழகினாள் என்று அந்த மண்டபத்தில் எங்கள் மூவருக்குந்தான் தெரியும்.

நான் சிங்களம் அறியாதவனும் இல்லை. முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கந்தோரில் சிங்களத்தில் எழுதிச் சம்பளம் வாங்கியவன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பேத்தி என் கையை இழுத்து, "மூத்தவாப்பா, பதினேழு" என்றாள். முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சொல்ல வந்ததைப் பிள்ளைக்கு இப்போது சொல்லி முடிக்கும்படி மருமகளிடம் கேட்டேன். சிங்களத்தில்தான் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அவளோடு நான் அந்த மொழியில் கதைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"வேணாம் மாமா. அவளுக்கு விளங்காது."