அமாக் சஹ்னேப் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்

ஒரு முறை ரிஞ்சானி மலை ஏறும்போது, எங்களுடன் வந்த ஓர் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கனத்த உடம்பு. கூட வந்த பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். அவருக்கு உட்காரவும் வெட்கம், நடக்கவும் முடியவில்லை. அமாக் சஹ்னேப் சுமை தொங்கிய தன் காவுதடியை இறக்கி வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் தோளு இன்னைக்குப் பேச்சுக் கேக்க மாட்டேங்குது. கொஞ்சம் உட்காந்துட்டுப் போலாமா?"

"அட பாவமே, உட்காருங்க, உட்காருங்க" என்று அந்த அம்மாவும் ஒரு மரவேரில் உட்கார்ந்தார். அதன் பிறகு வளைவுக்கு வளைவு அமாக் சஹ்னேப்பின் தோள் வலித்தது. மேலே போனதும் அந்த அம்மா பரிதாபப்பட்டுத் தைலம் கொடுத்தார். இவரும் வாங்கி, முகத்தைச் சுளித்துத் தேய்த்துக்கொண்டார். அந்தத் தோளுக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது. பின்னால் நடந்து வந்த எனக்கல்லவா தெரியும்!

அவருடைய சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மூத்தவள் சஹ்னேப் பிறந்த அன்றிலிருந்து அவர் அமாக் சஹ்னேப், சஹ்னேப்பின் அப்பா. நான் அமாக் ரும்னா. இருவரும் ஒரே நிறுவனத்துக்கு மலையில் சுமை தூக்கினோம். இந்த மனிதரைத்தான், "ஆபத்தில் கூப்பிட்டால் பதில் சொல்லாத ஆள்" என்று பட்டம் கட்டி மலையை விட்டு இறக்கினார்கள். நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், எரிகிறது.

நடந்தது இதுதான். ஜகார்த்தாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தோடு நாங்கள் காட்டுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். வழிகாட்டியும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். விர்யவான் என்பவர் மட்டும் கருங்குரங்குகளைப் படம் எடுக்க நின்றுவிட்டார். நாங்களும் நின்றோம்.

"நீங்க போங்க, பின்னாடியே வரேன். நீங்க நின்னா குரங்கு ஓடிடுது" என்றார்.

"குரங்குக்கு எங்களைத் தெரியும் ஐயா. உங்களைப் பாத்துத்தான் ஓடுது" என்றார் அமாக் சஹ்னேப். விர்யவான் சிரித்துக்கொண்டே கையை ஆட்டி எங்களை விரட்டினார். கீழே கொட்டகைக்குப் போய்க் காத்திருந்தோம். ஆள் வரவில்லை, மேகம்தான் வந்தது. எங்கள் காட்டில் மேகம் இறங்கினால் பக்கத்து மரம் கூடத் தெரியாது.

மேகத்துக்குள் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யாராவது நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயால் பதில் கொடுப்பதில்லை. அந்தப் பெயரைக் காட்டில் இருக்கிற வேறு எதுவும் கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. பானையைத் தட்டுவோம். தட்டுவது கூப்பிடுவதும் ஆகும், பதிலும் ஆகும். பள்ளிவாசலில் எங்கள் மார்க்க ஆசிரியர் துவான் குரு இதற்காக எங்களைத் திட்டுவார், ஆண்டவனுக்கு மட்டும் பயப்படுங்கள் என்பார். எனக்கு இது பயமாகத் தோன்றியதில்லை. பிஸ்மில்லா சொல்லித்தான் தட்டுகிறேன். அடுத்தவர் வீட்டுக்குப் போகும்போது கத்திக் கூப்பிடாமல் கதவைத் தட்டுவதில்லையா, அந்த மாதிரி.

சுமையைக் கொட்டகையில் போட்டுவிட்டு, சோற்றுப் பானையும் அகப்பையுமாக அமாக் சஹ்னேப் மேலே ஏறினார். மூடியைத் தட்டிக்கொண்டு நானும் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் குரல் கேட்டது. "பாக் சஹ்னேப்! பாக் சஹ்னேப்!" எங்கள் 'அமாக்' ஜகார்த்தாக்காரர் வாயில் 'பாக்'. மேகத்தில் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. இவர் பானையை ஓங்கித் தட்டினார், நின்றார், காது கொடுத்தார், மறுபடி தட்டினார். ஒரு நிமிடம் கூட விடவில்லை. பிறகு குரல் நின்றுவிட்டது. அப்போது அவர் முகம் போன போக்கு இருக்கிறதே!

பள்ளத்தில் பெரணிச் செடிகளுக்கு நடுவில் விர்யவானைக் கண்டுபிடித்தோம். சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியிருந்தது. அமாக் சஹ்னேப் அவரை முதுகில் தூக்கிக்கொண்டார்.

"தொண்டை கிழியக் கத்தினேனே! உங்க காதுல என்ன பஞ்சா?" என்றார் முதுகில் இருந்தவர்.

"கேட்டுச்சு ஐயா. அதனாலதானே தட்டிக்கிட்டே வந்தேன்."

"தட்டினீங்களா? அட, நீங்க பாட்டுக்கு சமைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! இந்த ஆளுங்க வர மாட்டாங்கன்னு நானே இறங்கப் பாத்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வலியோடு சிரித்தார். காட்டுவாசல் வரைக்கும் அவரைக் கீழே வைக்காமல் சுமந்தார் அமாக் சஹ்னேப். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். விர்யவான் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். நேற்றுச் சிரித்த சிரிப்பு முகத்தில் இல்லை. "அவரே ஒத்துக்கிட்டார், நான் கூப்பிட்டது கேட்டுச்சாம். கேட்டும் வாயைத் திறக்கலை" என்றார். நிறுவனத்தை நடத்துகிற லாலு மர்ஜான் தலையை ஆட்டினார்.

லாலு மர்ஜான் வேறு யாரோ இல்லை. இளவயதில் எங்களோடு சுமை தூக்கியவர்தான். அவரும் நானும் ஒரே மேகத்தில் நின்று பானை தட்டியிருக்கிறோம். அந்த மனிதர் விருந்தாளியைப் பார்த்து என்ன சொன்னார் தெரியுமா?

"அதெல்லாம் பழைய மூடநம்பிக்கை ஐயா. இப்ப யாரும் அப்படிச் செய்யறதில்ல. இந்த ஆளோட அசட்டை."

அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது, 'ஆவிகளின் அரசி ஆளும் மலையில், முன்னோர் வழக்கங்களோடு ஒரு பயணம்' என்று. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள்.

"லாலு, நானுந்தான் தட்டினேன்" என்றேன். "நீயும் தட்டியிருக்க. மறந்துபோச்சா?"

"உன்னை யாரும் கேக்கலை, அமாக் ரும்னா. வாயை மூடு." பிறகு அமாக் சஹ்னேப் பக்கம் திரும்பினார். "கூப்பிடலை, அசட்டையா இருந்துட்டேன்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. அடுத்த வாரமே மலைக்குப் போலாம். இல்லேன்னா அட்டையைக் குடுத்துடு."

அந்த அனுமதி அட்டை இல்லாமல் சுமையோடு காட்டுவாசலைத் தாண்ட முடியாது. அவருக்கு மலையைத் தவிர வேறு பிழைப்பும் கிடையாது.

அமாக் சஹ்னேப் விர்யவான் முன்னால் குனிந்து நின்றார். "உங்க கால்ல பட்ட அடிக்கு மன்னிச்சுக்குங்க ஐயா. உங்களைத் தனியா விட்டுட்டு இறங்கினதுக்கும் மன்னிச்சுக்குங்க. ஆனா கூப்பிடலைன்னு சொல்ல மாட்டேன். நான் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

"இதான் இவங்களோட திமிரு" என்றார் லாலு மர்ஜான்.

அட்டையை மேசையில் வைத்துவிட்டு அமாக் சஹ்னேப் வெளியே வந்தார். மற்ற நிறுவனங்களுக்கும் சொல்லிவிட்டிருந்தார்கள். எந்த வாசலிலும் அவருக்குச் சுமை கிடைக்கவில்லை. நானும் லாலுவிடம் போவதை நிறுத்தி வேறு இடத்தில் தூக்குகிறேன்.

இந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது தெரியுமா? லாலு மர்ஜானின் வழிகாட்டிகள் சாயங்காலம் விருந்தாளிகளை வட்டமாக உட்கார வைத்து, "மேகத்தில் நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம்" என்று குரலைத் தாழ்த்திக் கதை சொல்கிறார்கள். புதுப் பானையைத் தட்டிக் காட்டுகிறார்கள். எல்லோரும் கைபேசியில் பிடித்துக்கொள்கிறார்கள், கை தட்டுகிறார்கள். தொழுகையில் நிற்கும்போது கூட அந்தச் சத்தம் காதில் விழுந்து மனம் கலைகிறது. உண்மையில் தட்டியவரை விரட்டிவிட்டு, தட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இதற்கு ஆண்டவனிடம் கணக்குச் சொல்ல வேண்டாமா?

எங்கள் ஊரில் பிழைப்புப் போனவர்கள் மலேசியாவுக்குப் போவார்கள். அவரும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு ஆள் எடுப்பவரிடம் பெயர் கொடுத்தார். வண்டி பள்ளிவாசல் முன்னால் வந்து நின்றது. அவர் மனைவி இனாக் சஹ்னேப் முக்காட்டில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லாலுவைத் திட்ட வாயெடுத்தேன். அமாக் சஹ்னேப் என் கையைப் பிடித்து அழுத்தினார். வண்டியில் ஏறி, கண்ணாடியை இறக்கிச் சொன்னார்:

"அங்க மரமெல்லாம் வரிசை வரிசையா நட்டிருக்காம், அமாக் ரும்னா. யாரும் தொலஞ்சு போக முடியாதாம். யாரையும் கூப்பிடவே வேண்டியதில்ல."