எட்டாவது சிலேட்டு

காலை ஐந்தரை மணி. ஜெரால்ட் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். டிபன் பாக்ஸை நீட்டினேன்.

“இன்னாக்கா இன்னிக்கு?”

“லெமன் சாதம்.”

“நேத்தும் அதான். உன் பொட்டி மாதிரியே நீயும். ஒண்ணையே புடிச்சிக்கினு கெடப்ப.”

“டேய், பொட்டிய இழுக்காத. நேத்து வந்து வேகமாக்கி வெச்சிருக்கேன். போய்ப் பாரு.”

“வேகமாச்சா? பாக்கறேன். இல்லன்னா இருக்கவே இருக்குது, ரெண்டு தட்டு.”

சிரித்துக்கொண்டே ஆரம்பாக்கம் ஸ்டேஷனை நோக்கி நடந்தான். என் தம்பியிடம் நான் பேசியது அதுதான் கடைசி.

இனி எழுதப்போவதை நம்புங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சப்போவதில்லை. அது நடந்த அன்று என்னோடு இன்னொருவரும் இருந்தார். நேரங்களை அன்றைக்கே குறித்து வைத்துவிட்டேன். ஒன்றையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஜெரால்ட் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தகடு அடிக்கும் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர். அந்த பிரஸ்ஸுக்கு மேலே ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு பெட்டி. அச்சுக்குக் கீழே யாராவது கை நீட்டினால் பெட்டி பிரஸ்ஸை நிறுத்த வேண்டும். அந்தப் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியவள் நான். அது என் வேலை.

பெட்டியின் மெமரியில் எட்டு சிலேட்டுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஒரு சிலேட்டில் படம் வரையும். அச்சுக்குக் கீழே ஆள் இருக்கிறானா என்று பார்க்கும் சிப்பும் அதே சிலேட்டைத்தான் படிக்கும். திரையும் அதையேதான் காட்டும். நகல் எடுக்க நேரமில்லை, மூன்று பேருக்கும் ஒரே சிலேட்டு. அதனால் இரண்டு சட்டங்கள் உண்டு. கேமரா வரைந்து முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிடித்திருக்கும் எல்லாக் கைகளும் விட்ட பிறகுதான் சிலேட்டை அழிக்க வேண்டும். எத்தனை கைகள் பிடித்திருக்கின்றன என்று, எல்லா நிரலுக்கும் அடியில் ஓடும் தாய் நிரலான கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும்.

என் பெட்டி மெதுவாக இருக்கிறது என்று ஷெட்டில் எல்லோருக்கும் கேலி. ஷிஃப்ட் தொடங்கும்போது அதன் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். அதைத் தொடங்கி வைத்தவனே ஜெரால்ட்தான். அந்தக் கேலி பொறுக்காமல் முந்தின நாள் முதல் சட்டத்தை எடுத்துவிட்டேன். காத்திருக்கச் சொல்லும் ஒரே ஒரு வரி. பெட்டி பறந்தது.

மறுநாள் 9:17க்கு ஒரு தகடு சிக்கியது. ஜெரால்ட் குனிந்து அதை இழுத்தான். பிரஸ் நிற்கவில்லை.

‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று கம்பெனி எழுதியது. “எம்புள்ள கவனமில்லாதவனாடி?” என்று அம்மா தினமும் கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வரி எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதுதான் கொன்றதா? தெரிந்துகொள்ளாமல் என்னால் தூங்க முடியவில்லை. நாற்பத்தேழு நாள்.

நாற்பத்தேழாவது நாள் செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊர் முழுக்க கரண்ட் இல்லை. கம்பெனிக்கு லீவு. சூப்பர்வைசர் ஆதிநாராயணனிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். ஷெட்டைத் திறந்துவிட்டார்.

“சீக்கிரம் பாத்துட்டு வந்துடும்மா. மேனேஜருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்.”

“பெட்டியை யாராச்சும் தொட்டாங்களா சார்?”

“எவன் தொடுவான்? அந்தப் பக்கம் போவவே பயந்துகினு கெடக்கறானுங்க. கேமராவ இன்ஸ்பெக்டர் கழட்டிக்கினு பூட்டாரு. மத்ததெல்லாம் அப்படியேதான் கீது.”

அவர் வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன்.

11:40. நல்ல பகல். ஆனாலும் ஷெட்டுக்குள் அரை இருட்டு. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. யூபிஎஸ் தாங்குகிறது என்று நினைத்தேன். என் லேப்டாப்பை இணைத்துப் பட்டியலை எடுத்தேன்.

ஏழு சிலேட்டுகளை யாரும் பிடித்திருக்கவில்லை. எட்டாவது மட்டும்...

கேமரா: 0. சிப்: 0. திரை: 0.

மொத்தம்: 1.

இருக்கும் மூன்று பேரும் கையை விட்டாயிற்று. நாலாவதாக ஒரு கை அந்தப் பெட்டியிலேயே கிடையாது.

11:46. சிலேட்டைத் திறந்தேன். மேல் பாதியில் ஜெரால்டின் ஹெல்மெட், தோள், குனிந்த முகம். மூலையில் 9:17:04. கீழ்ப் பாதியில் யாருமில்லாத அச்சு. மேலே புதுப் படம், கீழே பழைய படம். வரைந்து முடிக்கும் முன்பே சிப் படித்திருக்கிறது. அச்சுக்குக் கீழே இருந்த கை அதன் கண்ணில் படவே இல்லை. என் வரிதான். நான்தான்.

அந்தப் படத்தை லேப்டாப்பில் சேமித்தேன். தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

11:49.

டொக்... டொக்.

பெட்டியின் தலையில்.

“சார்?”

“இன்னாமா?” ஆதிநாராயணனின் குரல் தூரத்திலிருந்து வந்தது. மரத்தடியிலிருந்து.

லேப்டாப் திரையைப் பார்த்தேன். இரண்டு பாதிகளும் சேரும் கோடு கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

நான் எதையும் தொடவில்லை. வரைய கேமராவே இல்லை.

கோடு இறங்கியது. மார்பு வந்தது. முழங்கை. சட்டைக் கை.

11:56. கடைசி வரி. அச்சுக்குக் கீழே ஐந்து விரல்கள்.

படம் முழுதாகிவிட்டது.

மறுபடி முகத்தைப் பார்த்தேன். குனிந்திருந்த முகம் இப்போது குனிந்திருக்கவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது...

ஓடத் தோன்றவில்லை. அந்தச் சிலேட்டை சிப்பிடம் கொடுத்தேன். “பாரு... இப்பவாவது பாரு...” என்று கத்தினேன்.

பதில் வந்தது.

ஆள் இருக்கிறான். நிறுத்து.

பிரஸ்ஸின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

புஸ்ஸ்ஸ்...

பிரேக் பிடிக்கும் சத்தம்.

11:57.

ஆதிநாராயணன் ஓடிவந்தார். “யாரும்மா ரெட் லைட்டப் போட்டது? கரண்ட்டே இல்லியே!”

விளக்கு அணைந்தது. பெட்டியின் பச்சையும்.

அன்று மாலையே விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். தவறு ஆபரேட்டர்மேல் இல்லை, என்மேல். சேமித்த படத்தையும் கொடுத்தேன். அதில் இருந்தது மேல் பாதி மட்டும்தான். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. தம்பியின் போட்டோவுக்கு முன்னால் மட்டும் தலை நிமிர்ந்து உட்காருகிறாள்.

பத்து நாள் கழித்து ஆதிநாராயணன் போன் செய்தார். குரல் சரியில்லை.

“ஜெனிபரும்மா... அந்த யூபிஎஸ்ஸ இன்னிக்குத்தான் தெறந்து பாத்தேன். உள்ள பேட்டரியே இல்ல. உன் தம்பி செத்த மறுநாளே கழட்டி ஆபீஸ் ரூம்ல மாட்டிட்டானுங்களாம். அன்னிக்கு உன் பொட்டி எதுல ஓடிச்சி?”

மின்சாரம் போன அந்த நொடியே மெமரியில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். சிலேட்டு, படம், எண்ணிக்கை எல்லாமே. இது என் தொழிலில் முதல் பாடம்.

விசாரணை முடிந்து பெட்டி என்னிடமே வந்துவிட்டது. என் மேசையில்தான் இருக்கிறது. காத்திருக்கச் சொல்லும் வரியைத் திரும்ப எழுதிவிட்டேன். எத்தனையோ முறை அணைத்துப் போட்டேன். எல்லா நிரலையும் அழித்து, புதிதாக ஏற்றியும் பார்த்தேன்.

இன்று காலை ஐந்தரைக்கும் எட்டாவது சிலேட்டைப் பார்த்தேன்.

கேமரா: 0. சிப்: 0. திரை: 0.

மொத்தம்: 1.