தங்கச்சியின் வளவு

கோபம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது. இது ஊருக்கே தெரிந்த விசயம். அதனால்தான் அந்தக் கூட்டத்துக்குப் புறப்படும்போது என் கணவர், "வாயைத் திறக்காம இரு, பொலிஸும் வருதாம்" என்று இரண்டு தரம் சொன்னார். தலையை ஆட்டி வைத்தேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போய் எட்டு மாதம். கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டு எங்கள் ஊர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கடற்கரைப் பக்கம் இனி வீடு கட்டக்கூடாதாம். வீடும் முற்றமுமாய் இருந்த பழைய வளவை எழுதிக் கொடுத்தால் ஆற்றங்கரைப் பக்கம் புதுக் காணியும் கல்வீடும் தருவார்களாம். பள்ளிக்கூட மண்டபத்துச் சுவரில் வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். ஒழுங்கைகள் எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியபடி நேராகக் கிடந்தன. எங்கள் ஊரில் நேரான ஒழுங்கையை நான் அதில்தான் முதலில் கண்டேன்.

முதலில் பொலிஸ் காவலரணால்தான் சண்டை தொடங்கியது. பெண்கள் ஆற்றுக்குப் போகிற வழியின் வாயிலில் அதைக் கீறி வைத்திருந்தார்கள். "பொம்புளையள் குளிக்கப் போற வழியிலயா காவல் போடுற?" என்று இளைப்பாறிய தபால்காரர் ஒருவர் எழும்பிக் கேட்டார். அவரோடு பத்துப் பேர் எழும்பினார்கள். வாசலில் நின்ற பொலிஸ்காரர் சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினார். உடனே அந்தப் பத்துப் பேரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அந்த யுத்த நாளில் பொலிஸ் கொப்பியில் பேர் ஏறினால் பிறகு வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை. தபால்காரர் மட்டும் மசியவில்லை. கடைசியில், காணி உத்தியோகத்தர் காவலரணைச் சந்திப் பக்கம் தள்ளிப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

பிறகு அவர் வீட்டுப் பட்டியலை வாசித்தார். குடும்பத் தலைவர் இன்னார், குடும்பத் தலைவர் இன்னார் என்று எல்லாம் ஆண்களின் பேர். என் தங்கச்சியின் வளவுக்கு அவளுடைய புருசனின் பேர்.

தங்கச்சியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவளுடைய ஐந்து வயது மகள் அன்று என்னோடு கடலுக்குத் தூரத்தில் உள்ள உன்னிச்சைக்கு வந்திருந்ததால் தப்பினாள். கூட்டத்தில் என் மடியில்தான் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. தாய் மகளுக்குச் சீதனமாக எழுதுவாள். கலியாணம் முடித்தவன் பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். எங்கள் அம்மாவும் அப்படித்தான் தன் வளவை இரண்டாக்கி எங்கள் இருவருக்கும் உறுதிப் பத்திரம் எழுதினா. தங்கச்சி போனால் அது அவளுடைய மகளுக்கு. மச்சானுக்கு, அதுதான் தங்கச்சியின் புருசனுக்கு, வயது முப்பதும் இல்லை. இன்றோ நாளையோ இன்னொருத்தியை முடிப்பார், முடிக்கத்தான் வேண்டும். வீடு அவர் பேரில் இருந்தால் வருகிறவளுக்கும் அவளுடைய பிள்ளைகளுக்கும் போகும். இந்தக் குட்டிக்குத் தாயும் இல்லை, தாய் விட்டுப்போன மண்ணும் இல்லை.

பிழை எங்களிலும்தான். அகதி முகாமில் பேர் பதிய வந்தபோது நாங்கள் ஆண்களை முன்னுக்கு விட்டுவிட்டுக் கொட்டிலுக்குள் நின்றோம். வீட்டுக்குள் நாங்கள் வைத்ததுதான் சட்டம். அரசாங்கக் கந்தோர் ஆள் வந்தால் மட்டும் பின்னுக்குப் போய்விடுவோம். கண்டறியாத மரியாதை!

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழும்பினேன். என் கணவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். பிடுங்கிக்கொண்டேன்.

"ஐயா, அந்த வளவு என்ட தங்கச்சிட. இப்ப இந்தப் புள்ளைட. இவள்ட பேரை எழுதுங்கோ."

உத்தியோகத்தர் வெளியூர்க்காரர். களைத்துப்போய் இருந்தார். "அம்மா, குடும்பத் தலைவர் பேரில எழுதச் சொல்லித்தான் உத்தரவு. இது சின்னப் பிள்ளை."

"தலைவரோ? சரி, இருங்கோ." மண்டபத்தின் பக்கம் திரும்பினேன். "தன்ட பேரில வீட்டு உறுதி இருக்கிற ஆம்பிளையள் ஒருக்காக் கையைத் தூக்குங்கோ, பாப்பம்!"

ஒரு கையும் எழும்பவில்லை. மீசையைத் தடவினவரும் உண்டு, முகட்டைப் பார்த்தவரும் உண்டு. என் கணவர் தன் செருப்பைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "என்னகா, ஒரு தலைவரையும் காணல்ல!" என்றாள். மண்டபமே சிரித்தது. பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. கொப்பியைத் திறந்து என் பேரைக் கேட்டார். முழுப் பேரையும் சொன்னேன். பிழையாக எழுதிவிடக்கூடாது என்று இன்னொரு தரமும் சொன்னேன்.

அப்போதுதான் மச்சான் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பி முன்னுக்கு வந்தார். வாழைச்சேனையில் மீன்படகுக்குப் போகிற மனிசன், நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர். வளவைத் தன் பேருக்கு எடுக்கக் கையெழுத்துப் போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அப்படிப் போட்டிருந்தால் அந்தப் படிவத்தைப் பறித்துக் கிழித்திருப்பேன். பொலிஸ் நின்றால் என்ன, பட்டாளம் நின்றால் என்ன?

"ஐயா, அது என்ட வீடில்ல" என்றார். "நான் கலியாணம் முடிச்சுப் போய் இருந்த வீடு. மச்சாள் சொல்றதுதான் சரி. புள்ளைட பேரில எழுதுங்கோ, நான் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கிறன்."

எட்டு மாதமாக அந்த மனிசனை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! உத்தியோகத்தர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மச்சானின் பேரை வெட்டிவிட்டு, பக்கத்தில் பிள்ளையின் பேரையும், காப்பாளர் என்று என் பேரையும் எழுதினார். நிமிர்ந்து பார்த்தால் எனக்குப் பின்னால் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள், பழைய உறுதிகளைப் பொலித்தீன் பைகளில் வைத்துக்கொண்டு. அன்றைக்கு அந்தப் பட்டியலில் வெட்டு விழாத பக்கமில்லை.

புதுவீட்டில் மச்சானும் மகளும் இருந்தார்கள். நாங்கள் பக்கத்து வளவில். நாலு வருசம் கழித்து, நாட்டில் யுத்தம் முடிந்து சில மாதத்தில், அவருக்கு மண்டூரில் கலியாணத்துக்குப் பெண் சரிவந்தது. ஒரு உடுப்புப் பையோடு புறப்பட்டார். மகளையும் கூப்பிட்டுப் பார்த்தார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. படலை வரைக்கும் கூடப் போனாள்.

"அப்பா, நினைச்ச நேரம் வாங்கோ. என்னட்டக் கேக்கத் தேவையில்ல."

அவர் அழுதுகொண்டு போனார். அவள் படலையைச் சாத்தினாள். முற்றத்தில் நின்ற என்னைக் கண்டு முகத்தைத் துடைத்தாள்.

"ஏன் பெரியம்மா வெளிய நிக்கிறயள்? உள்ள வாங்கோ" என்றாள்.