கதவை மூடினால் பேசாத போர்டு

ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவருக்குக் கம்ப்ரசர் என்றால் தண்ணி பட்ட பாடு. கம்ப்யூட்டர் என்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல. அப்படிப்பட்டவர் நாற்பது தாண்டிய வயதில், தீப்பெட்டி அளவில் ஒரு வைஃபை சர்க்யூட் போர்டை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய அக்கா.

அக்காவுக்குப் பூக்கடை. கடைக்குப் பின்னால் எஃகுத் தகடு போர்த்திய குளிர் அறை. அதைப் பொருத்தியதும் பராமரிப்பதும் தம்பிதான். போன கோடையில் ஒரு நாள் கம்ப்ரசர் நின்றுபோனது. அக்கா தம்பிக்குப் போன் மேல் போன் போட்டார், கிடைக்கவே இல்லை. ஒரு கல்யாணத்துக்கு வைத்திருந்த ரோஜா அத்தனையும் கருகிப்போயின. தம்பி வேண்டுமென்றே போனை அணைத்து வைத்துவிட்டான் என்று அக்கா முடிவுகட்டிவிட்டார். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. ஒரு வார்த்தை பேசாமல், மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து குளிர் அறைப் பக்கத்தில் போட்டு அங்கேயே படுக்க ஆரம்பித்தார். கடைக்கு வந்தால் மெக்கானிக் அந்தக் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போவார். அன்று போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. ஏன் அடிக்கவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை.

உள்ளே சூடு ஏறினால் போர்டு போனுக்குச் செய்தி அனுப்பும்; அக்கா வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம். திட்டம் என்னவோ அழகாகத்தான் இருந்தது. போர்டைக் கம்ப்யூட்டரில் சொருகினார். விளக்கு எரிந்தது, ஆனால் அப்படி ஒன்று வந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் காட்டிக்கொள்ளவில்லை. கரண்ட் போகிற ஒயர் நல்ல ஒயர் என்பது அவருடைய தொழில் பாடம். அது டார்ச்சுக்குச் சார்ஜ் போட மட்டும் வந்த, தகவல் கடத்தாத கேபிள் என்று மனைவி சொல்லி, தன் போன் கேபிளைக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. அடுத்து ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனதற்காகத் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. வீடியோவில் சொல்லித் தருகிறவன் சிரித்துக்கொண்டே முடித்துவிடுகிற வேலைக்கு இவர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

எப்படியோ முடித்து, போர்டைக் குளிர் அறைக்குள் மாட்டினார். நான்கு டிகிரி என்று போனில் செய்தி வந்தது. பெருமையோடு கதவை மூடினார். செய்தி நின்றது. என்ன கோளாறு என்று கதவைத் திறந்தார், மறுபடி வந்தது. மூடினார், நின்றது. குளிரில் விறைத்துப்போகிறதோ என்று பஞ்சு சுற்றினார். புரோகிராமை அழித்து முதலிலிருந்து எழுதினார். ஒன்றும் பலிக்கவில்லை. அக்கா பூவுக்குத் தண்ணீர் தெளித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், மூடினதும் இது என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று போனோடு உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டார். போர்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கையிலிருந்த போனைப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

வெளியே வந்து, "அக்கா, நான் உள்ள போய்க் கதவை மூடிக்கறேன். எனக்கு ஒரு போன் போடு," என்றார்.

மறுபடி கதவைத் திறந்தபோது அக்கா போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தார். இவர் போன் அடிக்கவே இல்லை.

"சுவிட்ச் ஆஃப்னு அன்னைக்கும் இதே பொம்பளைதான் பேசினா," என்றார் அக்கா. "நீ எங்கடா இருந்தே?"

"கறிக்கடைக் குளிர் ரூமுக்குள்ளக்கா. எப்பவும் கதவைத் திறந்து வச்சுத்தான் வேலை பார்ப்பேன். அன்னைக்குச் சரக்கு கெட்டுப்போகும்னு கடைக்காரர் மூடச் சொல்லிட்டார்."

"இதை ஏன் அப்பவே சொல்லல?"

"எனக்கே இப்பத்தானேக்கா தெரியும்."

அக்கா பூவாளியைக் கீழே வைத்தார். இவர் போர்டைக் கழற்றி வெளிச் சுவரில் மாட்டி, சூடு பார்க்கும் ஒயரை மட்டும் தண்ணீர் வடியும் துளை வழியாக உள்ளே விட்டார். கதவு மூடியிருக்கும்போதே நான்கு டிகிரி வந்தது. தான் மறுபடி ஏதாவது ஒரு குளிர் அறைக்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று செய்தி அக்காவின் போனுக்கும் போகும்படி மாற்றினார். அந்தச் சின்ன மாற்றத்துக்கும் திரை ஒருமுறை சிவந்துதான் அடங்கியது.

அவர் நிமிர்ந்தபோது கட்டில் மடிந்து சுவரோரம் நின்றிருந்தது.

"இதை வண்டியில ஏத்து," என்றார் அக்கா. "அப்படியே என்னையும் வீட்ல விட்டுடு."