ஆச்சு என்று சொன்னால்

நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் வேலைக்குப் போகிறேன் என்றதும் என் அக்கா, "நிஜமாவே நாய் பொழப்புதான்டி" என்று சிரித்தாள். பீன்யா கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் ஏழு வருஷம் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிய எனக்கு இதுவே மேல் என்று தோன்றியது. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போய்விடலாம். மூன்று மாதம் மற்றவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் காலை முதலாளியம்மா ஒரு கோல்டன் ரெட்ரீவர் நாயை என்னிடம் விட்டார்.

"இவனை நீ ஒண்டியா முடி. சாயங்காலம் பார்ப்பேன். நீட்டா இருந்தா நீ பர்மனென்ட். இல்லேன்னா ஸாரிம்மா."

தவறினால் மறுபடி பீன்யா பஸ் ஏற வேண்டியதுதான்.

நாயோடு பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்பது கடை வழக்கம். மற்றவர்கள் இங்கிலீஷில் கொஞ்சுவார்கள். எனக்கு அது வாயில் நுழையாது. குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது சொல்வதுதான் வந்தது. ஒரு காதைத் துடைத்து முடித்ததும், "ஆச்சு, ஆச்சுடா கண்ணா" என்றேன்.

நாய் விறைத்தது. பிறகு மெல்லத் தலையைச் சாய்த்து என் நெஞ்சில் காதை வைத்தது. கொஞ்சுகிறது என்று நினைத்தேன். இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ கேட்டது. கண் மட்டும் கதவைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. அதன் தொண்டையில் கிளம்பிய உறுமல் என் விலா எலும்பில் அதிர்ந்தது.

அடுத்த காதுக்கும் அதே கதை. நகம் வெட்டி முடித்து "ஆச்சு" என்றபோதும் அதே. பட்டப்பகல், வெளியே ஆட்டோ ஹாரன், நானும் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அந்த ஒரு சொல்லுக்குத்தான் இப்படி என்று புரிந்ததும் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். மிச்ச வேலை முழுவதும் ஊமையாகவே நடந்தது.

சாயங்காலம் முதலாளியம்மா நாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து தனி டேபிள் எடுத்துக்கோ" என்றார். நாய்க்குச் சொந்தக்காரர் வந்தார். ஐம்பது தாண்டியவர், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், ஆச்சுன்னு சொன்னா மட்டும் இவன் ஒரு மாதிரி பண்றான்" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மிஸஸ் கடைசியில வீட்லதான் இருந்தாங்க. மூச்சு நின்ன மாதிரி இருந்துச்சு. நான்தான் ஆச்சுன்னு சொன்னேன். எல்லாரும் அழ ஆரம்பிச்சாங்க. கால் கட்டைவிரலைக்கூட சேர்த்துக் கட்டிட்டோம். இவன் மட்டும் அவ நெஞ்சுல காதை வெச்சுக்கிட்டு, கிட்ட வந்தவங்களை எல்லாம் உறுமினான். இழுத்துட்டுப் போய் வெளியே கட்டிப்போட்டேன்."

நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"அரை மணி நேரம் கழிச்சு டாக்டர் வந்தாரு. பார்த்துட்டு, இப்பத்தான் போயிருக்காங்கன்னாரு."

எனக்கு வேலை நிலைத்துவிட்டது என்பதே அப்போது மறந்துபோயிருந்தது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு அவர் காலடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தது. அவர் கயிற்றை மாட்டினார், அதன் முகத்தைப் பார்க்காமல்.