மெல்லிய தாள் நாற்பத்தெட்டு

வீட்டில் பழைய புத்தகம் சேர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் எடைக்குப் போடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, கம்ப்யூட்டரில் தட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியில், எங்கள் பகுதியான மெட்டுகுடாவில் அரிய புத்தகம் விற்கிற இடத்தில் வேலை கிடைத்தது. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, அவள் பள்ளி பெல் அடிப்பதற்குள் திரும்பிவிடலாம். முதலாளி ரத்தினம் சார், ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றவர். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு என் கதை ஆறுதலாக இருக்கட்டும்.

ஒரே கையில்

பக்கத்துத் தார்நாகாவிலிருந்து ஓர் அம்மா தடிப் புத்தகம் ஒன்று கொண்டு வந்தார். எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலுமாக நம் பக்கமெல்லாம் சுற்றி எழுதியது. கோட்டை, ஏரி, சந்தை என்று நாற்பத்தெட்டு வண்ணப் படங்கள். காலமான கணவர் ஆசையாக வாங்கி வைத்ததாம்.

இதுபோன்ற புத்தகத்தைப் பிரித்துப் படம் படமாக விற்கிறவர்கள் உண்டு. அவருக்கு அதுதான் பயம். பிரிக்க மாட்டோம் என்று சார் வாக்குக் கொடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒருத்தர் கையிலதாம்மா போகணும். ஒரு பக்கம் பிரிச்சீங்கன்னு தெரிஞ்சா, இங்கேயே பாயைப் போட்டு உட்கார்ந்துடுவேன்."

சுவருக்கு

நான் படங்களை ஸ்கேன் பண்ணி, சேகரிக்கிறவர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினேன். முதலில் வந்தவர் புது சாஃப்ட்வேர் ஆபீஸ்களுக்கு உள்அலங்காரம் செய்கிறவர். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். வரவேற்பறையில் மாட்ட பன்னிரண்டு படம் போதும், எழுத்து வேண்டாம் என்றார்.

"நக்கோ, நக்கோ! வேண்டாம்பா!" என்று சார் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வந்தவர் அசரவில்லை. "அப்ப கலர் ஜெராக்ஸாவது குடுங்க சார். ஆபீஸ்ல எவன் கிட்ட நின்னு பார்க்கப் போறான்?"

சோஃபாவுக்கு

அடுத்தது போன். புது ஃபிளாட் வாங்கிய ஒருவர், படத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நீளம் எத்தனை அங்குலம், அகலம் எத்தனை என்று கேட்டார். ஸ்கேலை வைத்து அளந்து சொன்னேன். அட்டை என்ன நிறம் என்றார். காப்பிப்பொடி நிறம் என்றேன். பிறகு, "எங்க சோஃபா பச்சைங்க. இதுவே பச்சை அட்டையில வராதா?"

பிஸ்கட் டின்

கடைசியில் மௌலா அலியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் தொட்டார். முழுசாகத்தான் வேண்டும் என்றதும் எனக்கும் சாருக்கும் உயிர் வந்தது. நாலாவது படத்தில் நிறுத்தினார். "எதிர்ப் பக்கத்துல தாள் அளவுக்குப் பழுப்பு நிழல் விழுந்திருக்கு பாருங்க. படத்து மேல மெல்லிசா ஒரு தாள் இருந்திருக்கணுமே, எங்கே? அது இல்லாட்டி என்னைப் பொறுத்தவரைக்கும் குறைப் புத்தகம்தான்."

ஸ்கேன் பண்ண இடைஞ்சலாக இருக்கிறதென்று நாற்பத்தெட்டையும் உருவி எடுத்த மகராசி நான்தான். ஏதோ கடைக்காரன் வைத்த பேக்கிங் தாள் என்று நினைத்தேன். நல்ல தாளாயிற்றே என்று வீட்டில் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன். அதையும் முழுசாகச் சொல்ல வேண்டுமே. "நாற்பத்தேழு பத்திரமா இருக்கு மேடம். ஒண்ணுல மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு பிளவுஸ் கை அளவு வெட்டிட்டேன்."

சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் ஆட்டோ பிடித்து ஓடினேன். டின், பக்கத்து வீட்டு ஊசிப்பெட்டியில் இருந்த தாள் கை, வெட்டிய மிச்சம் எல்லாவற்றையும் அள்ளி வந்தேன். டாக்டரம்மா ஒவ்வொரு தாளிலும் படம் பதிந்த கறையைப் பார்த்து அதனதன் படத்தோடு சேர்த்தார். பிளவுஸ் கை ஒரு ஏரிப் படத்துக்கு உரியது. மிச்சத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தார், பொருந்தியது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "இது எனக்குத்தான்" என்றார். தார்நாகா அம்மாவுக்கு சார் அங்கிருந்தே போன் போட்டார். வாசல்வரை போன டாக்டரம்மா திரும்பி என்னிடம் கேட்டார்: "ஆமா, அந்த பிளவுஸ் கை சரியா வந்துச்சா?"

குப்பை எது, சரக்கு எது என்று சொல்ல முடியாத தொழில் இது என்று அன்றைக்குப் புரிந்ததிலிருந்து வீட்டில் நான் எதையும் வெளியே விடுவதில்லை, என் வீட்டுக்காரர்தான் தினமும் வாசலில் நின்று கெஞ்சுகிறார்: "தாயே, இந்தப் பால் கவரையாவது தூக்கிப் போட விடு."