இரண்டாவது புரோசசர் பூட்டிய நாள்

2001ஆம் ஆண்டு கொழும்பில் மின்வெட்டு நாள்தோறும் மணிக்கணக்கில் நீண்டது. ஊரே அதைத் திட்டிக்கொண்டிருக்க, கனகேஸ்வரி மட்டும் அதை வேலைக்கு வசதியாக்கிக்கொண்டாள். கொள்ளுப்பிட்டியில் கம்பியூட்டர் திருத்தும் கடையொன்றில் அவள் டெக்னீஷியன். சேர்வரை நிறுத்திவிட்டுத் திறக்க வேண்டுமென்றால் எந்த இடத்திலும் முகம் சுளிப்பார்கள். கறண்ட் இல்லாத நேரம் அது எப்படியும் நின்றுதானே கிடக்கும்.

அவளுக்குச் சொந்த ஊர் மானிப்பாய். அம்மா அங்கே தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். படிக்கவென்று கப்பலில் கொழும்புக்கு வந்தவள், சண்டையால் பாதை பூட்டிக் கிடந்ததால் திரும்பிப் போகவில்லை. வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணப் பேச்சு எதுவும் சரிவரவில்லை.

கடையின் வான் ஓட்டியவன் ஹியூபேட். கொட்டாஞ்சேனைக்காரன், கத்தோலிக்கன். சில வருடங்களுக்கு முன் கோட்டையில் குண்டு வெடித்தபோது பறந்த கண்ணாடி அவனுடைய வலது தோளைக் கிழித்திருந்தது. ஸ்டியரிங் பிடிக்க அந்தக் கை போதும். தோளுக்கு மேலே எழும்பாது. அதைப்பற்றி அவன் கதைப்பதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஒரு நாள் வெள்ளவத்தையில் உள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே நோயாளிகள் கூடிவிட்டதால் ஒரே புரோசசரோடு இருந்த சேர்வர் திணறிக்கொண்டிருந்தது. ஒரு றிப்போட் அச்சாகி வருவதற்குள் ஆட்கள் கதிரையிலேயே தூங்கிவிடுவார்கள். இரண்டாவது புரோசசர் ஒன்றைப் பூட்ட வேண்டும்.

சேர்வர் இருந்தது யன்னல் இல்லாத சின்ன அறையில், உயரமான தட்டொன்றில். கறண்ட் நின்றதும் கனகேஸ்வரி மூடியைக் கழற்றினாள். ஹியூபேட் டோர்ச்சை இடது கையால் மேலே பிடித்தான். புது புரோசசருக்கான இடத்தில் செருகியிருந்த வெற்று அட்டையை அவள் இழுத்து எடுத்தாள். சற்று நேரத்தில் வெளிச்சம் நடுங்கத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தாள். இடது கை களைத்து, வலது கையைத் துணைக்கு உயர்த்தப் பார்த்து, முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"நோகுதா?"

"இல்ல மிஸ். நீங்க வேலயப் பாருங்க."

அவள் வயர்களைக் கழற்றினாள். "இந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ, கீழ இறக்குவம்" என்றாள். பாரமான பெட்டியை இருவருமாக நிலத்தில் வைத்தார்கள். அவள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஹியூபேட் எதிரே உட்கார்ந்து, டோர்ச்சை முழங்காலில் ஊன்றிக்கொண்டான். இப்போது வெளிச்சம் ஆடவில்லை.

பெட்டியை இறக்கியதில் நேரம் போய்விட்டது. புரோசசரைச் செருகி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பலகையையும் பக்கத்தில் அவசரமாக அமத்தி, மூடியைப் போட்டு, வயர்களைத் திரும்பக் கொழுவினாள். கறண்ட் வந்தது. திரையில் ஒரு புரோசசர்தான் தெரிந்தது.

ஹியூபேட்டின் முகம் வாடியது. "என்னாலதானே மிஸ்? நான் லைட்ட ஒழுங்காப் பிடிக்கல்ல."

"வெளிச்சம் நல்லாத்தான் இருந்தது. நான்தான் எதையோ சரியா அமத்தேல்லை."

திரும்பவும் நிறுத்த வேண்டும். வெளியே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நிலையத்தின் பொறுப்பாளர் பலீலாவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அதுக்கென்ன மகள், ரிப்போட்டக் கையால எழுதிக் குடுப்போம். நீங்க பதறாமச் செய்ங்க" என்றார் பலீலா.

இந்த முறை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மின்சாரப் பலகையின் ஒரு முனை மேலே நின்றது. பெருவிரலால் அழுத்த, டிக்கென்று உள்ளே போனது. திரையில் இரண்டும் வந்தன. அதன்பின் சிஸ்டத்தையும் இரண்டுக்கும் ஏற்றபடி மாற்றினாள். றிப்போட்டுகள் மளமளவென்று அச்சாகின. யாரோ கை தட்டினார்கள்.

வானில் திரும்பும்போது ஹியூபேட் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"என்ட கைக்காகத்தானே பெட்டியக் கீழ எறக்கினீங்க?"

"ஓம்."

மறுநாளிலிருந்து அவன் அவளை 'மிஸ்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். அவளும் அதைக் கவனித்தாள், பிடித்திருந்தது.

அடுத்த வருடம் சண்டை ஓய்ந்து பாதை திறந்தது. ஹியூபேட்டைக் கல்யாணம் செய்ய விரும்புவதாக அவள் எழுதியபோது அம்மா முதலில் பதிலே போடவில்லை. பிறகு, "வந்து பாக்கிறன்" என்று மட்டும் போனில் சொன்னார்.

ஒரு காலை அம்மா புறக்கோட்டையில் பஸ்ஸால் இறங்கினார். மகளோடு வானில் ஏறி, ஹியூபேட்டை மேலும் கீழும் பார்த்தார். பாதையெல்லாம் எத்தனை இடத்தில் சோதனைக்கென்று இறக்கி ஏற்றினார்கள் என்று சொல்லத் தொடங்கியவர், பாதியில் மகளின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டார். அத்தனை வருடங்களுக்குப் பிறகு அம்மாவின் பாரம் தோளில் இருந்தது. கனகேஸ்வரி அசையவில்லை.

வெள்ளவத்தையில் அவள் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஹியூபேட் வானை நிறுத்தினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கதவைத் திறந்தால் சத்தம் கேட்குமென்று இறங்காமலே இருந்தான். வெயில் ஏறும்வரை மூன்று பேரும் அப்படியே வானுக்குள் இருந்தார்கள்.

அம்மா கண் விழித்ததும், "வந்து கனநேரமே?" என்று கேட்டார்.

"இப்பதான் அம்மா" என்றான் ஹியூபேட்.